அறுபத்து மூவரும் ‘அடுத்து யாரு?’ கேள்வியும்

மயிலாப்பூர் பங்குனிப் பெருவிழாவில் எட்டாம் நாள் அறுபத்து மூவர் உற்சவம். மாட வீதியில் ஒரு கடை வாசலில் இடம் பிடித்து நின்றால் போதும். நாயன்மார்கள் பல்லக்குகளில் வரிசையாக நம்மைக் கடந்து போவார்கள். கோயிலுக்குள் எப்படி நின்றார்கள், எந்தப் பல்லக்கில் யார் யார் என்பதெல்லாம் நமக்குத் தெரிய வேண்டியதில்லை. ‘இன்னும் வருதா?’, ‘அடுத்து யாரு?’ என்ற இரண்டே கேள்விகள்தான்.

கம்ப்யூட்டர் புரோகிராமில் ‘இட்டரேட்டர்’ செய்வதும் இதையேதான். பெயர்ப் பட்டியலோ, பாட்டுப் பட்டியலோ, உள்ளே எப்படி அடுக்கியிருந்தாலும் ஒவ்வொன்றாக எடுத்து நம் கையில் கொடுக்கும். 1970-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பார்பரா லிஸ்கவ் குழுவினர் உருவாக்கிய ‘க்ளூ’ மொழியிலேயே இது உண்டு. ஜாவாவில் 1998-ல் வந்த 1.2 பதிப்பில் சேர்ந்தது. அங்கே ‘ஹேஸ்நெக்ஸ்ட்’ என்றால் ‘இன்னும் இருக்கா?’, ‘நெக்ஸ்ட்’ என்றால் ‘அடுத்ததைக் கொடு’.

ஊர்வலம் ஒன்றுதான். ஆனால், வடக்கு மாட வீதியில் நிற்கும் நானும் தெற்கு மாட வீதியில் நிற்கும் சித்தியும் ஒரே நேரத்தில் வேறு வேறு நாயன்மாரைப் பார்ப்போம். அதேபோல ஒரே பட்டியலுக்கு எத்தனை இட்டரேட்டர் வேண்டுமானாலும் வைக்கலாம். எதுவரை பார்த்தோம் என்ற கணக்கு ஒவ்வொன்றுக்கும் தனி.

சரி, வரிசை நகரும்போதே நடுவில் ஒருவரை எடுத்துவிட்டால்? பட்ட அனுபவத்தில் சொல்கிறேன்.

அடையாறில் எங்கள் குடியிருப்பில் பிறந்தநாள் வாழ்த்து அனுப்ப, பைத்தானில் ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். வீடு மாறியவர்கள், காலமானவர்கள் பெயர்களை அதுவே நீக்க வேண்டும். பட்டியலில் ஐந்தாவது, வீடு காலி செய்தவர். ஆறாவது, சமீபத்தில் காலமான ஒரு தாத்தா. ஐந்தாவது பெயரை நீக்கியதும் தாத்தா ஐந்தாம் இடத்துக்கு நகர்ந்தார். புரோகிராமோ ஆறாம் இடத்துக்குப் போய்விட்டது. தாத்தாவை அது பார்க்கவே இல்லை. எந்த எச்சரிக்கையும் வரவில்லை.

அடுத்த மாதம் தாத்தாவுக்குப் பிறந்தநாள் வாழ்த்து போனது. பதறிப்போய் மாடியேறி மன்னிப்புக் கேட்டேன். பாட்டி கோபப்படவில்லை. “அவர் போனை நான்தான் வெச்சிருக்கேன் கண்ணா” என்று மட்டும் சொன்னார்.

ஜாவாவில் இப்படி நடுவில் நேரடியாக நீக்கினால் பெரும்பாலும் பிழை காட்டி நின்றுவிடும். இட்டரேட்டரின் ‘ரிமூவ்’ வழியாகத்தான் நீக்க வேண்டும். பைத்தானில், இருக்க வேண்டியவர்களை மட்டும் புதுப் பட்டியலில் சேர்ப்பது பாதுகாப்பு. நானும் இப்போது அப்படித்தான் மாற்றியிருக்கிறேன்.

உங்கள் வீட்டில் பைத்தான் படிக்கிற பிள்ளை இருந்தால், 1, 2, 2, 3 என்ற பட்டியலில் ‘ஃபார்’ சுற்று ஓடும்போதே 2-களை நீக்கச் சொல்லுங்கள். ஒரு 2 மிச்சமிருக்கும். ஏன் என்று பிள்ளை சொல்லிவிட்டால், இட்டரேட்டர் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.