மறுமையைப் பற்றிய நாவல் படிக்கலாமா?



மௌத்தான ஒருவனின் கதையைப் படித்தால் ஈமானுக்குப் பங்கம் வருமா என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். அவர் குறிப்பிடுவது, 2022இல் புக்கர் பரிசு பெற்ற ஷெஹான் கருணாதிலக்கவின் ‘மாலி அல்மேதாவின் ஏழு நிலவுகள்’ என்ற ஆங்கில நாவலை.

லேசான புத்தகம் அல்ல. இரண்டு தடவை பாதியில் மூடிவைத்தேன். கதாநாயகனை ‘நீ’ என்றே கதை முழுக்க அழைக்கிறார்கள். யார் பேசுவது என்று பிடிபடவே நேரமாகும். கொச்சைப் பேச்சு நிறைய. மாலியின் காதலும் ஓர் ஆண்மீதுதான். அதில் நம் மார்க்கத்தின் நிலை நீங்கள் அறிந்ததே. பிள்ளைகள் கையில் கொடுக்கும் புத்தகம் அல்ல.

காலம் 1990, இடம் கொழும்பு. போர்க்களப் படப்பிடிப்பாளன் மாலி செத்துப்போய்க் கண் விழிக்கிறான். மறுவுலகம் கச்சேரி மாதிரி, ஒரே வரிசையும் கூச்சலும்! உடல் பேரை வாவியில் கிடக்கிறது. தன்னைக் கொன்றது யார் என்று அவனுக்கே நினைவில்லை. ஏழு இரவு தவணை. அதற்குள், தான் ஒளித்துவைத்த படங்களை உயிரோடிருக்கும் நண்பர்களுக்குக் காட்டிக்கொடுக்க வேண்டும். குரலோ அவர்களுக்குக் கேட்பதில்லை.

இது நம் ஆகிரத் அல்ல, கற்பனை. திரும்பிப் போய் நல்லமல் செய்கிறேன் என்று மௌத்தானவன் கெஞ்சினாலும், பர்ஸக் என்னும் திரை விழுந்துவிட்டது என்கிறது சூரா அல்முஃமினூன். அந்தக் கெஞ்சலைத்தான் மாலியிடம் கண்டேன். ஈமான் குறையவில்லை, பயம் கூடியது.

ஆனால் என்னை உலுக்கியது மாலி அல்ல. மையித்துக் கிடைக்காத மகனைத் தேடிப் பொலிசுக்குப் போகும் தாய்தான். புளியந்தீவில் வாவிக்கரையில் இருந்து படிப்பவருக்கு அந்த இடத்தைத் தாண்டுவது எளிதல்ல. கல்லடிப் பாலத்தைக் கடந்து, காத்தான்குடிக்கும் தெற்கே போனால் குருக்கள்மடம். அதே 1990இல், ஜூலை 12ஆம் திகதி, அந்த வீதியால் ஊர் திரும்பிய முஸ்லிம்களைப் புலிகள் கடத்திக் கொன்றார்கள். ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர்களும் அதில் இருந்தார்கள். மையித்துகள் வீடு வரவில்லை.

புருஷன் மௌத்தானால் நாலு மாதம் பத்து நாள் இத்தா. மையித்தையே காணாத பெண் அதை எந்த நாளில் தொடங்குவாள்? நாலு வருடம் காத்திருக்கட்டும் என்று சொன்ன இமாம்களும் உண்டு, அதைவிட நீண்ட காலம் சொன்னவர்களும் உண்டு. எழுவான்கரையில் எத்தனை வீடுகளில் இந்தக் கேள்வி வாய்விட்டுக் கேட்கப்படாமலே கிடந்தது! ஒருத்தி வெள்ளை உடுத்தாள், இன்னொருத்தி இரவில் வாசற்கதவுக்குத் தாழ்ப்பாள் போடாமல் படுத்தாள்.

கேட்ட சகோதரிக்கு: படியுங்கள். படித்து முடித்த இரவில், கபுர் எங்கே என்று தெரியாதவர்களுக்காகவும் ஒரு யாசீன் ஓதுங்கள்.