விளக்கில் எண்ணெய் உண்டா?



ஐப்பசி பிறந்துவிட்டால் கடலோரப் பங்குகளில் வாழும் நமக்குச் சோதனைக் காலமும் பிறந்துவிடுகிறது. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவு தனுஷ்கோடியைக் கடல் விழுங்கியது. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல், பிள்ளைகளைப்போல் வளர்த்த தென்னைகளை ஒரே இரவில் சாய்த்தது.

புயலுக்கு முன் முகாமுக்கு அழைத்தால், "சாமி, மாதா இருக்கையில் எங்களுக்கு என்ன பயம்?" என்று கேட்கும் பெரியவர்கள் எல்லாப் பங்குகளிலும் உண்டு. முன்பொரு புயலின்போது ஒரு மூதாட்டி அவ்வாறே கூறினார். "உங்கள் விருப்பம் அம்மா" என்று நாமும் திரும்பிவிட்டோம். நள்ளிரவில் அவர் வீட்டுச் சுவர் சரிந்தது. கொட்டும் மழையில் ஓடிய இளைஞர் இருவர் அவரைத் தூக்கி வந்தனர். அவர்களில் ஒருவருக்குக் கை முறிந்தது. வீட்டை விட்டு வர மறுப்பவர் தம் உயிரை மட்டுமன்று, தம்மைத் தேடி வருவோரின் உயிரையும் பணயம் வைக்கிறார் என்பதை அன்று நாம் எடுத்துச் சொல்லத் தவறினோம். அக்குறையைத் தீர்க்கவே இதை எழுதுகிறோம்.

நோவா இறைவனை நம்பியவர். ஆயினும் மழை தொடங்குமுன் பேழையைக் கட்டி முடித்தார். நம்பிக்கையும் முன்னேற்பாடும் ஒன்றுக்கொன்று பகையல்ல. ஓடு வேய்ந்த பழைய கோயிலில் தங்கிச் செபிப்பதே பக்தி என்றும் எண்ண வேண்டாம். தனுஷ்கோடியில் கூரையிழந்து நிற்கும் ஆலயச் சுவர்கள் நமக்குப் பாடமாகட்டும். உறுதியான புயல் பாதுகாப்பு மையத்தில் சொல்லும் செபமாலையும் தேவதாயின் செவியை எட்டும்.

இனி இல்லத்தைக் கவனிப்போம். குடும்ப அட்டை, ஆதார், பட்டா, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் சான்றிதழ்கள் ஆகியவற்றை நீர் புகாத பையில் இட்டுக் கட்டி வையுங்கள். காய்ச்சிய குடிநீர், அவல், அன்றாட மருந்துகள், தீப்பெட்டி, டார்ச் விளக்கு, பேட்டரியில் இயங்கும் வானொலி ஆகியவை ஒரே இடத்தில் இருக்கட்டும். கைப்பேசியில் முன்னதாகவே மின்னேற்றிக்கொள்ளுங்கள். வீட்டின்மேல் சாயும் கிளைகளை இப்போதே வெட்டுங்கள். ஆடுமாடுகளைக் கட்டி வைத்துவிட்டுப் போகாதீர்கள். மேட்டு நிலத்துக்கு ஓட்டிச் செல்ல இயலாவிடில் கயிற்றையாவது அவிழ்த்துவிடுங்கள். துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறியபின் எவரும் கடலுக்குப் போகலாகாது.

சுழன்றடித்த காற்று திடீரென ஓய்ந்தால் புயல் போய்விட்டதென்று வெளியே வரவேண்டாம். அது புயலின் கண் கடந்து செல்லும் நேரமாக இருக்கலாம். சற்றுப்பின் எதிர்த்திசையிலிருந்து காற்று மீண்டும் சீறும். வானிலை அறிவிப்பு வரும்வரை பொறுத்திருங்கள்.

புயல் கடந்தபின், அறுந்து கிடக்கும் மின்கம்பிகளின் அருகே போகாதீர்கள். இடிபாடுகளில் பாம்பு இருக்கும், வெறுங்கையால் அகற்றாதீர்கள். வெள்ளம் புகுந்த கிணற்றை இறைத்து, பிளீச்சிங் பவுடர் இட்டுத் தூய்மை செய்யும்வரை அதன் நீரைக் குடிக்கலாகாது. சேதத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலரிடம் கணக்கெடுப்பில் பதிவு செய்யுங்கள். அவசரத்தில் கந்துவட்டிக்குக் கை நீட்டினால் அது புயலைவிடப் பெரிய புயலாகும்.

நிவாரணம் வரும்போது நம் நெஞ்சம் சோதிக்கப்படுகிறது. உரத்துக் கேட்பவருக்கு இரண்டு தார்ப்பாய்; ஒதுங்கி நிற்கும் கைம்பெண்ணுக்கு ஒன்றுமில்லை என்ற நிலை நம் பங்கில் நேரலாகாது. சாதியும் சமயமும் பாராமல், ஆளில்லாத வீட்டின் கூரை முதலில் ஏறட்டும். நம் கூரை பிறகு ஏறட்டும்.

ஆகவே, வரும் ஞாயிறு பூசைக்குப்பின் ஒவ்வொரு அன்பியமும் கூடி, தம் தெருவில் தனித்து வாழும் முதியோர், நோயாளிகள், கருவுற்ற தாய்மார் ஆகியோரின் பட்டியலை எழுதி, ஒவ்வொருவரையும் அழைத்து வரும் பொறுப்பை ஒரு குடும்பத்திடம் ஒப்படைக்கட்டும். அம்மூதாட்டியின் பெயரை நம் பட்டியலில் முதலாவதாக எழுதிவிட்டோம். இம்முறை அவரை அழைக்க நாமே செல்வோம், அவரின்றித் திரும்பமாட்டோம்.

மணவாளன் வரும் வேளையில் எண்ணெய் தேடி ஓடிய கன்னியரைப்போல் ஆகாமல், விளக்கை இன்றே நிரப்பி வைப்போம். இறைவன் நம் இல்லங்களைக் காப்பாராக.