இரண்டு லாரிக்கு நடுவே என்னப்பா வேலை?

பொங்கல், தீபாவளி முடிந்து மக்கள் சென்னை திரும்பும் நாளில் செங்கல்பட்டை அடுத்த பரனூர் டோல்கேட்டைப் பார்க்க வேண்டும். கார், பஸ், லாரி எல்லாம் வரிசை கட்டி நிற்கும். 2021 பிப்ரவரியில் 'பாஸ்டேக்' கட்டாயமாகியும் பண்டிகை நெரிசல் தீரவில்லை.

மோட்டார் சைக்கிளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. காசு கட்ட வேண்டாதவர் எதற்குக் காத்திருக்க வேண்டும்? கிடைத்த சந்தில் புகுந்து போகிறார்.

"கண்ணாடியை இடிச்சிட்டுப் போறான் சார், பிடிச்சு உள்ளே போடணும்" என்கிறார் கார்க்காரர்.

"வெயில்ல ஹெல்மெட்டோட லாரிப் புகையைக் குடிச்சுக்கிட்டு நிக்கணுமா?" என்கிறார் பைக்காரர்.

யார் பக்கம் நியாயம்? பாதிப் பாதி!

நிற்கிற கார்களுக்கு நடுவே பைக் மெதுவாகப் போனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஒவ்வொரு பைக்கும் காருக்குப் பின்னால் நின்றால் வரிசைதான் நீளும்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2014-லேயே இதை அனுமதித்தது. ஆனால் மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. பள்ளிக்கூடப் பகுதியில் கூடாது. ஓரமாக நிறுத்திய வண்டியை ஒட்டிப் போகக் கூடாது.

நம் ஊரில்? அவரவர் துணிச்சல்தான் சட்டம்!

லாரி டிரைவர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். இடது முன்சக்கரத்தை ஒட்டி நிற்கும் பைக் அவர் கண்ணில் படாது. வரிசை நகரும்போது ஸ்டியரிங்கை லேசாக ஒடிப்பார். அவ்வளவுதான்! பஸ்சின் இடது பக்கமோ, படியிலிருந்து ஆள் இறங்கும் இடம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் இதே கதை. ஞாயிறு மாலை மாமல்லபுரம் கூட்டம் திரும்பும்போது மீன் கூடை கட்டிய மொபெட்காரரும் அதே சந்தில்தான் வருகிறார். கூடையின் அகலம் அவருக்குத் தெரியும். பின்னால் முறுக்கிக்கொண்டு வரும் வாலிபருக்குத் தெரியுமா?

அடியோடு தடை போட்டால் நடக்காது. வரம்பு கட்டுங்கள். நிற்கும் கார்களுக்கு நடுவே நடை வேகத்தில் போகலாம். வரிசை நகர ஆரம்பித்தால் சந்தில் முந்தக் கூடாது. லாரி, பஸ்சுக்கு நடுவே தலைகாட்டவே கூடாது. பண்டிகை நாளில் போலீசார் டோல்கேட்டுக்கு வெகு முன்பே ஓரமாகக் கயிறு கட்டி, டூவீலருக்குத் தனி வழி விட வேண்டும்.

உடைந்த கார்க் கண்ணாடிக்கு மாற்று கடையில் கிடைக்கும். பெற்றவளுக்கு மாற்றுப் பிள்ளை எந்தக் கடையில் கிடைக்கும்?