கடல்மேல் இல்லறம்

மேனாட்டுக் குடும்பங்கள் சில, வீட்டை விற்று, உத்தியோகத்தைத் துறந்து, கேட்டமரான் என்று வழங்கும் இரட்டையுடல் பாய்க்கப்பலொன்றை வாங்கிக்கொண்டு, சிறு குழந்தைகளோடு வருஷக்கணக்காகச் சமுத்திரத்திலேயே குடித்தனம் நடத்துகின்றன என்ற செய்தி காதில் விழும்போது, நமக்கு வியப்பைவிடக் கண்டனமே முந்திக்கொண்டு எழுகிறது. பள்ளிக்கூடம் செல்லவேண்டிய பிராயத்துப் பிள்ளைகளை அலைகளுக்கு நடுவே கொண்டுபோய் வைப்பது பெற்றோர் செய்யத்தக்க காரியமா என்று கேட்பவர்களை எங்கள் சாத்தான்குளத்துப் பக்கத்தில் நான் நிரம்பக் கண்டிருக்கிறேன். அவர்களிற் சிலர் கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். அவர்களுடைய அச்சத்தை நான் மதிக்கிறேன்; ஆயினும் அது தவறான இடத்தில் நிற்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம். கடலைப் பற்றிய ஞானம் குடும்பத்தில் ஒருவரிடம் மாத்திரம் தங்கியிருக்க, ஏனையோர் வெறும் பிரயாணிகளாக உட்கார்ந்திருக்கும்போதுதான் உண்மையான அபாயம் தொடங்குகிறது.

நாற்பதடி நீளமுள்ள கேட்டமரானுக்கு இருபதடிக்கு மேல் அகலம் உண்டு. ஒற்றையுடல் கொண்ட பாய்க்கப்பல் காற்றில் ஒருபுறமாகச் சாய்ந்து ஓட, இது ஏறக்குறையச் சமமாகவே செல்வதால், அடுப்பில் ஏற்றிய பாத்திரம் கவிழ்வதில்லை. மேஜைமேல் விரித்த பாடப்புத்தகம் விரித்தபடியே கிடக்கிறது. மிதப்பதற்கு மூன்று நான்கு அடி நீரே போதுமாகையால், பெரிய கலங்கள் நெருங்கமுடியாத ஆழமற்ற நீரிலும் இது தங்கக்கூடும். ஆனால் இத்தனை சௌகரியங்களுக்கும் ஒரு விலை உண்டு. பெருங்காற்றில் ஒருமுறை கவிழ்ந்துவிட்டால், ஒற்றையுடற் கப்பலைப்போல இது தானாக நிமிர்ந்துகொள்வதில்லை. பசிபிக் மகாசமுத்திரத்தின் பாலினீசிய மக்கள், பெண்டுபிள்ளைகளோடும் வளர்ப்பு மிருகங்களோடும் நாற்றுக்களோடும் இவ்வித இரட்டை ஓடங்களிலேயே சென்று தீவுதீவாகக் குடியேறினார்கள் என்பதை நினைத்தால், குடும்பத்தோடு கடலேறுவது இன்றைய செல்வந்தர் கண்டுபிடித்த புதுமையன்று என்பது விளங்கும்.

இக்குடித்தனத்தின் உயிர் நங்கூரத்தில் இருக்கிறது. நங்கூரம் தன் கனத்தினாலேயே கப்பலைப் பிடித்து வைக்கிறது என்று கரையில் இருப்போர் எண்ணுவது இயல்பு. உண்மையில், சங்கிலி கடலடியில் படிந்து கிடந்து, இழுப்பு தரையோடு தரையாகச் செல்லும்வரையில்தான் அதன் அலகு மண்ணுக்குள் மேலும் மேலும் புதையும். இழுப்பு மேல்நோக்கித் திரும்பிய க்ஷணமே அது மண்ணைக் கிளறிக்கொண்டு பெயர்ந்துவிடும். ஆகையால் நீரின் ஆழத்தோடு நீர்மட்டத்திலிருந்து கப்பலின் முன்முனையாகிய அணியத்தின் உயரத்தையும் கூட்டி, அமைதியான காலத்தில் அதைப்போல் ஐந்து மடங்கும், காற்று மிகுந்தால் ஏழிலிருந்து பத்து மடங்கும் சங்கிலியும் கயிறும் விடுவது மாலுமிகளின் மரபு. ஆழம் பதினைந்தடி, அணியம் ஐந்தடி என்றால், நல்ல நாளில் நூறடி போதும்; பெருங்காற்றில் இருநூறடியும் வேண்டியிருக்கும். காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் விசை நான்கு மடங்காகிறது என்பதைக் கணக்கிலே கற்ற சிறுவன், இதனை அணியத்தில் நின்று பிரத்தியட்சமாகக் கற்றுக்கொள்கிறான். கேட்டமரானோ காற்றுக்கு அகன்ற முகங்கொடுத்து இருபுறமும் அலைபாயும் இயல்புடையது. ஆதலின் இரண்டு அணியங்களிலிருந்தும் இரண்டு கயிறுகளைக் கொண்டுவந்து சங்கிலியில் முக்கோணமாகப் பிணைத்து, இழுப்பை இரு உடல்களுக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள். மணலும் களிமண்ணும் நங்கூரத்தைப் பிடித்துக்கொள்ளும். கடற்புல் அடர்ந்த தரை பிடித்ததுபோற் காட்டி ஏமாற்றும். பாறையோ ஒன்று பிடிக்காது, அன்றேல் பிடித்ததை விடாது.

நங்கூரம் போட்டபின் காவலும் வேண்டும். கரையிலுள்ள ஒரு கோபுரத்தையும் அதற்குப் பின்னாலுள்ள ஒரு பனையையும் நேர்கோட்டில் வைத்துக்கொண்டு, அந்தக் கோடு கலைகிறதா என்று இரவு முழுவதும் முறைவைத்துப் பார்க்க வேண்டும். கலைந்தால் உடனே எல்லோரையும் எழுப்ப வேண்டும். இந்தக் காவலைப் பத்து வயதுப் பெண்குழந்தையும் செய்யலாம், அக்குடும்பங்களில் செய்கிறார்கள் என்பதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகப் படுகிறது. தகப்பன் காய்ச்சலில் விழுந்தால் தாய் நங்கூரத்தைத் தூக்குவாள். தாயின் கை சுக்கானில் இருந்தால் மகள் சங்கிலியைக் கவனிப்பாள்.

நம் கரையின் காற்று ஒரே மாதிரியானதல்ல. ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து மலைக்கணவாய்களின் வழியே இறங்கிவரும் கச்சான், எங்கள் ஊர்ப்புறத்துச் செம்மண் தேரிகளைக் குவித்துக்கொண்டே கடலுக்குள் செல்கிறது. அப்போது கரையோரம் அலை அடங்கியிருக்கும். ஆனால் நங்கூரம் பெயர்ந்தால் கலம் நடுக்கடலை நோக்கி ஓடிவிடும். ஐப்பசிக்குமேல் வீசும் வாடையோ கடலிலிருந்து கரைக்கு வருவது. அப்போது நங்கூரம் பெயர்ந்தால் கலம் கரையில் மோதி உடையும். மணப்பாட்டில் கடலுக்குள் நீண்டிருக்கும் குன்றின் வடபுறம் தெற்கிலிருந்து வரும் அலைக்கு மறைவைத் தரும். அதே இடம் வாடைக்குத் திறந்து கிடக்கும். ஆகவே நல்ல நங்கூரத்தலம் எது என்ற கேள்விக்கு, எந்த மாதத்தில் என்ற கேள்வியைச் சேர்க்காமல் விடையில்லை.

இந்த ஞானம் நம் கரையில் இல்லாமற் போனதில்லை. 1974-இல் ஆழ்கடல் துறைமுகம் அமையும்வரை, தூத்துக்குடியின் கடல் ஆழமற்றதாகையால், கப்பல்கள் கரைக்கு வெகுதூரத்திலேயே நங்கூரமிட்டு நிற்க, தோணிகளே சரக்கை ஏற்றியிறக்கின. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் தோணி செலுத்திய தண்டல்மார், தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் பிரயாணத்தை நிறுத்திவைக்கும் விவேகம் உடையவர்கள். 1961-இல் இறுதியாக நடந்த முத்துக்குளிப்புக்கள் வரையில், முத்துச்சிப்பிப் பார்களின்மேல் வள்ளங்களை நிறுத்திக் குளித்தவர்கள், தம்மைத் தூக்கும் கயிற்றை மைத்துனன் கையில் கொடுப்பதே வழக்கம் என்று சொல்வார்கள். தன் தங்கை விதவையாவதை விரும்பாதவனிடம் உயிரை ஒப்படைப்பது எத்தனை ஆழ்ந்த யோசனை! அத்தங்கையோ கரையில் இருந்தாள். கப்பலுக்குப் பெண்ணின் பெயரை இட்டு மகிழ்ந்த சமூகம், பெண்ணைக் கப்பலில் ஏற்றத் தயங்கியது. ஏலத்தையும் கடனையும் வலையையும் வீட்டையும் தாங்கும் நெய்தல்நிலத்துப் பெண்ணுக்குக் கடலின் கணக்கு மாத்திரம் விலக்கப்பட்டது. இதை நம் சம்பிரதாயத்தின் பெருங்குறையாகவே கருதுகிறேன். இதே மன்னார் வளைகுடாவில், இராமநாதபுரக் கரைப் பெண்கள் தீவுகளைச் சுற்றி மூழ்கிக் கடற்பாசி எடுத்து ஜீவனம் செய்வது, இந்த விலக்குக்கு இயற்கையில் ஆதாரமில்லை என்பதை நிரூபிக்கிறது.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக் கடலில் மிக விரைவாக வலுப்பெற்று, எச்சரிக்கை எட்டாத தூரத்தில் இருந்த மீனவர்களை நூற்றுக்கணக்கில் பலிகொண்டது. அவர்கள் இருந்த ஆழ்கடலில் நங்கூரம் தரையைத் தொடாது. நீரிலே விரிந்து இழுக்கும் கடல்நங்கூரம் ஒன்றை அணியத்திலிருந்து விட்டு, முகத்தை அலைக்கு நேராக நிறுத்துவதே வழி. காணாமற்போனவர்களைத் தேடச்செல்லும் கப்பல்களில் தங்களையும் ஏற்றிக்கொள்ளும்படி கரையிலிருந்த மீனவர்கள் மன்றாடியதற்குக் காரணம், எங்கே தேடவேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்ததே. அந்த அறிவு ஆண்களோடு கடலுக்குப் போய், ஆண்களோடு மூழ்கிவிடக்கூடாது. வீட்டிலும் அது இருக்கவேண்டும்.

பெண்களால் இது முடியுமா என்று இனிமேலும் ஒருவர் கேட்கலாகாது. புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா, கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவோடு இருவராகவே, கடற்படையின் தாரிணி என்னும் பாய்க்கப்பலில் 2024 அக்டோபர் 2-ஆம் நாள் கோவாவிலிருந்து புறப்பட்டு, தென்னமெரிக்காவின் ஹார்ன் முனையையும் கடந்து, உலகைச் சுற்றி 2025 மே மாத இறுதியில் திரும்பினார்.

பெரியதாழை, மணப்பாடு, ஆலந்தலை, வீரபாண்டியன்பட்டினம், புன்னைக்காயல் ஆகிய ஊர்களின் பள்ளிகளில், எட்டாம் வகுப்பிலிருந்து ஆண், பெண் இருபாலாருக்கும் காற்றின் குணத்தையும் நங்கூரமிடும் முறையையும் வானிலை எச்சரிக்கையைப் படிக்கும் விதத்தையும் பாடமாக்க வேண்டும். ஏட்டளவில் நின்றால் இதனால் பிரயோஜனமில்லை. படகில் ஏற்றியே கற்பிக்க வேண்டும். 1977 முதல் தூத்துக்குடியில் இயங்கும் மீன்வளக் கல்லூரி பாடத்திட்டத்தை வகுக்கலாம். ஓய்வுபெற்ற தண்டல்மாருக்குச் சம்பளம் கொடுத்து ஆசிரியராக நியமிக்கலாம். அவர்கள் உயிரோடிருக்கும்போதே இதைச் செய்யவேண்டும். இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட பங்குனி, சித்திரை மாதங்களில் கடல் அடங்கியிருக்கும். முத்துக்குளிப்பு நடந்ததும் அக்காலத்தில்தான். பரீட்சை முடிந்த அந்த விடுமுறை நாட்களிலேயே முதல் வகுப்பைத் தொடங்கிவிடலாம்.