அல்சர்னு சொல்றதை முதல்ல நிறுத்துங்க

அல்சர்ங்கிற வார்த்தையைத் தமிழ்நாட்டுல ஒரு பத்து வருஷத்துக்குத் தடை பண்ணணும். சிரிக்காதீங்க, சீரியஸாத்தான் சொல்றேன்.

எங்க எட்டயபுரம், கோவில்பட்டி பக்கம் வந்து பாருங்க. நெஞ்சு கரிச்சா அல்சர். மேல்வயிறு வலிச்சா அல்சர். ஏப்பம் வந்தா கேஸ், அந்த கேஸுக்கும் மூலம் அல்சர். தீப்பெட்டி ஆபீஸ்ல காலையில இருந்து ஒத்த டீயோட வேலை பார்க்கிற அக்காவுக்கு அல்சர். மல்லி பிடுங்கப் போற பெரியவருக்கு அல்சர். பரீட்சைக்குப் படிக்கிற பையனுக்கும் அல்சர். இவங்கள்ல எத்தனை பேருக்கு வயித்துக்குள்ள குழாய் விட்டுப் பார்த்து, 'இந்தா இருக்கு புண்ணு'ன்னு யாராவது சொல்லியிருக்காங்க? பாதிப் பேருக்கு நோயைக் கண்டுபிடிச்சதே மெடிக்கல்ல நிக்கிற தம்பிதான். "அல்சருக்கு ஒரு அட்டை குடு தம்பி"ன்னா பேன்டாப்ரசோல் வரும். கூடவே இலவச இணைப்பா அட்வைஸ்: காரம் தொடாதீங்க, புளி தொடாதீங்க, நேரத்துக்குச் சாப்பிடுங்க அண்ணாச்சி.

நேரத்துக்குச் சாப்பிடுறது நல்லதுதான், யாரு வேண்டாம்னா. ஆனா வயித்துல கிருமி இருக்கான்னு மட்டும் ஒருத்தரும் கேக்க மாட்டேங்கிறாங்க.

இது ஒண்ணும் நேத்து வந்த புது விஷயம் இல்லைங்க. ஆஸ்திரேலியாவுல பெர்த் நகரத்துல ராபின் வாரன்னு ஒரு பெத்தாலஜிஸ்ட், பேரி மார்ஷல்னு ஒரு இளம் டாக்டர். வயித்துல எடுத்த சதைத் துணுக்குகள்ல சுருள் சுருளா ஒரு பாக்டீரியாவை வாரன் பார்த்துக்கிட்டே இருந்தார். அமிலத்துல எந்தக் கிருமியும் பிழைக்காதுன்னு அப்ப உலகமே நம்பிக்கிட்டு இருந்துச்சு. லேப்ல வளர்த்துப் பார்த்தாங்க, வளரலை. 1982 ஈஸ்டர் லீவுல தட்டுகளை எடுத்துப் பார்க்க ஆள் இல்லாம வழக்கத்தை விடக் கூடுதல் நாள் அப்படியே கிடந்துச்சு. லீவு முடிஞ்சு வந்து பார்த்தா வளர்ந்திருக்கு! அதுதான் ஹெலிகோபாக்டர் பைலோரி. யூரியாவை உடைச்சு அமோனியா பண்ணி, தன்னைச் சுத்தி இருக்கிற அமிலத்தை முறிச்சுக்கிட்டு, சளிப்படலத்துக்குள்ள குடித்தனம் நடத்துற ஜீவன். சொன்னா யாரும் நம்பலை. 1984ல மார்ஷல் அந்தக் கிருமியை வளர்த்து, தானே ஒரு கிளாஸ் குடிச்சார். கொஞ்ச நாள்ல வாந்தி, வாய் நாத்தம். ஸ்கோப் போட்டா வயிறு முழுக்க அழற்சி. 2005ல ரெண்டு பேருக்கும் நோபல்.

புண்ணோட போயிருந்தா நான் இந்தப் பதிவே எழுதியிருக்க மாட்டேன். 1994லயே உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு இந்தக் கிருமியை முதல் பிரிவு புற்றுக்காரணியா அறிவிச்சிருச்சு. புகையிலை இருக்கிற அதே பிரிவு. சின்ன வயசுல வீட்டுக்குள்ள ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்குத் தொத்துது. வருஷக்கணக்கா அழற்சி. அப்புறம் அமிலம் சுரக்கிற சுரப்பிகள் ஒவ்வொண்ணா அழியுது. வயித்தோட உள்தோல் குடலோட தோல் மாதிரி உருமாறுது. அதுல சிலருக்கு, முப்பது நாப்பது வருஷம் கழிச்சு, புற்று. இத்தனை வருஷம் கதவு திறந்தே கிடக்கு. நாம அந்தப் பக்கம் திரும்பாம மிளகாயைத் திட்டிக்கிட்டு உக்காந்திருக்கோம். மிளகாய் எரிச்சலைக் கூட்டும், சரி. ஆனா அல்சருக்கு முக்கியக் காரணம் ரெண்டே ரெண்டு. ஒண்ணு இந்தக் கிருமி. இன்னொண்ணு மூட்டுவலிக்குன்னு கடையில வாங்கி முழுங்குற வலி மாத்திரை. அட்வைஸ்ல இந்த ரெண்டும் வர்றதே இல்லை, கவனிச்சீங்களா?

எங்க பெரியப்பா ஒருத்தர், உளுந்தும் பாசியும் போடுற கரிசல் சம்சாரி. ஆறு வருஷம் அந்த மாத்திரையைத் தின்னார். மூணு டாக்டர்கிட்ட காட்டின சீட்டும் மஞ்சப்பையில பத்திரமா இருந்துச்சு. மூணுலயும் அதே மாத்திரை. ஒரு சீட்டுல கூட டெஸ்ட்டுன்னு ஒரு வரி கிடையாது. ஆளு இளைச்சப்ப, "காரத்தை விட்டுட்டார்ல, அதான் உடம்பு வத்திருச்சு"ன்னு ஊரே காரணம் சொல்லுச்சு. கடைசியில சோறு இறங்கலைன்னு திருநெல்வேலிக்குக் கூட்டிட்டுப் போனப்ப, ஈரல் வரைக்கும் பரவியாச்சுன்னாங்க. முன்னாடியே டெஸ்ட் எடுத்திருந்தா பிழைச்சிருப்பார்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. ஆறு வருஷத்துல ஒருத்தர் கூட அந்தக் கேள்வியைக் கேக்கலை பாருங்க, அதுதான் ஆத்திரமா வருது.

நம்ம பொட்டி தட்டுற பாஷையில சொல்லணும்னா, சர்வர்ல ராத்திரி ராத்திரி அலர்ட் அடிக்குது. லாக் என்னன்னு பார்க்காம அலர்ட்டை மியூட் பண்ணிட்டுத் தூங்கப் போறோம். அமிலத்தைக் குறைக்கிற மாத்திரை நல்ல மாத்திரைதான். அதுவே புற்றை உண்டாக்குதுன்னு நிரூபணமும் ஆகலை. ஆனா புற்றுப்புண்ணா இருந்தாக்கூட வலியை அமுக்கி வைக்கும். அந்த அமுக்கல்ல போற மாசங்கள்தான் விலை.

இனி வாய்க்கு வருவோம். ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்குப் பக்கமா எச்சில் முழுங்குறோம், அதோட கோடிக்கணக்குல வாய்க் கிருமிகளும் உள்ள போகுது. நல்லா இருக்கிற வயிறுன்னா அமிலம் கிட்டத்தட்ட எல்லாத்தையும் கொன்னுரும். பைலோரி சுரப்பிகளை அழிச்சு அமிலம் குறைஞ்ச வயித்துல? வாய்ல இருக்க வேண்டிய ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கூட்டமெல்லாம் அங்க பந்தி போட்டு உக்காருது. வேடிக்கை என்னன்னா, அந்தக் கட்டத்துல பல நேரம் பைலோரியே இருக்காது, அதுக்கே அந்த இடம் லாயக்கில்லாமப் போயிரும். வேலியை அறுத்தவன் ஒருத்தன், உள்ள மேயுறது வேற ஆடு.

2024ல ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்து ஆளுங்க ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஆஞ்சினோசஸ்னு ஒரு வாய்க் கிருமியை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தாங்க. அழற்சி, சுரப்பி அழிவு, கட்டி வளர்ச்சின்னு பைலோரி போற அதே பாதையில அதுவும் போச்சு. எலிதான், மனுஷன் இல்லை, அதையும் சொல்லிடுறேன். அதுக்கு முன்னாடி 2020ல, அமெரிக்காவுல ஒன்றரை லட்சம் பேருக்குக் கிட்ட இருபது வருஷத்துக்கு மேல தொடர்ந்து கவனிச்ச ஹார்வர்டு ஆய்வு ஒண்ணு வந்துச்சு. ஈறு நோய் இருந்தவங்களுக்கு வயித்துப் புற்று வர்ற வாய்ப்பு 52 சதவீதம் அதிகம்னு சொல்லுச்சு. தொடர்பு இருக்குங்கிறதுதான் அதுக்கு அர்த்தம். ஈறுதான் காரணம்னு ஆயிடாது. ஆனா ஈறுல ரத்தம் வந்தா 'சூடு'ன்னு சொல்லி இளநி குடிக்கிற ஊரு நம்ம ஊரு. வெத்தலையோட புகையிலையை ஒதுக்கி வெச்சுக்கிட்டே வயித்துக்கு மட்டும் மோர் ஊத்துற ஊரு. இந்த ஆய்வுகளை நாமதான் முதல்ல படிக்கணும்.

இப்ப நம்ம சக பதிவர்கள் கிட்ட ஒரு சண்டை. 'அல்சரை ஏழே நாளில் விரட்டும் மணத்தக்காளி', 'தேங்காய்ப்பால் இருக்க மாத்திரை எதற்கு'ன்னு எழுதுறீங்களே மக்கா, ஏன் இப்படி? மணத்தக்காளி வத்தக்குழம்புன்னா எனக்கும் உசுரு. ஆனா சளிப்படலத்துக்குள்ள நாப்பது வருஷமா பட்டா போட்டு உக்காந்திருக்கிற பாக்டீரியாவைக் கீரை கிளப்பாது. உங்களை நம்பி ஒருத்தர் ஆறு மாசம் டெஸ்ட்டைத் தள்ளிப்போட்டா அந்த ஆறு மாசத்துக்கு யாரு பொறுப்பு?

"நாட்டுல பாதிப் பேருக்கு மேல இந்தக் கிருமி இருக்கு, எல்லாருக்கும் புற்றா வருது?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. வர்றதில்லை. தொத்தினவங்கள்ல நூத்துக்கு ஒண்ணுல இருந்து மூணு பேருக்குத்தான் வரும். கிருமியோட ரகம், உப்பு, புகை, பரம்பரை எல்லாம் சேரணும். இந்தியாவுல கிருமி அதிகம், புற்று கம்மின்னு இதை 'இந்தியப் புதிர்'னே சொல்றாங்க. ஆனா அந்தப் புதிரைக் காட்டி நாம தப்பிக்க முடியாது. அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் நடத்துற சென்னைப் பதிவேட்டுல, எண்பதுகள், தொண்ணூறுகள்ல ஆம்பளைங்க பட்டியல்ல முதல் இடத்துல இருந்ததே வயித்துப் புற்றுதான். மிசோரம் இன்னும் மோசம். கருவாடும் ஊறுகாயும் புகையிலையும் இருக்கிற தெக்கத்திக்காரன் சராசரியைக் காட்டி ஆறுதல் தேடக்கூடாது.

தைவானோட மாட்சு தீவுகள்ல 2004ல இருந்து ஊர் மொத்தத்துக்கும் டெஸ்ட் எடுத்து, கிருமி இருந்தவங்களுக்கு மருந்து கொடுத்தாங்க. புதுசா வயித்துப் புற்று வர்றது பாதிக்கு மேல குறைஞ்சுது. ஜப்பான்ல 2013ல இருந்து, புண்ணு இல்லாம வெறும் அழற்சி இருந்தாலே இதுக்கான சிகிச்சை இன்சூரன்ஸ்ல வருது. இங்க எல்லாருக்கும் ஸ்கோப் போடச் சொல்லலை, நடக்காது. மக்களைத் தேடி மருத்துவம் 2021ல வந்துச்சு, வீடு தேடி வந்து பிரஷர், சுகர் பார்க்கிறாங்க. அந்த அக்காங்க கையில ஒரே ஒரு கேள்வியைக் கூடக் கொடுத்தா என்ன: "வயித்து மாத்திரை எத்தனை மாசமா சாப்பிடுறீங்க?" மூணு மாசத்துக்கு மேலன்னா, வீட்டுல யாருக்காவது வயித்துப் புற்று இருந்திருந்தா, ஆரம்ப சுகாதார நிலையத்துல ஒரு மலப் பரிசோதனை. அதுக்கு ஸ்கோப் மிஷினும் வேண்டாம், ஸ்பெஷலிஸ்ட்டும் வேண்டாம்.

பி.கு: டெஸ்ட் எடுக்கப் போறவங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு, பேன்டாப்ரசோல், ஒமிப்ரசோல் வகையறாவை ரெண்டு வாரம் முன்னாடியே நிறுத்தணும், ஆன்டிபயாடிக்கை நாலு வாரம். இல்லைன்னா கிருமி இருந்தும் இல்லைன்னு ரிசல்ட் வரலாம். மருந்து பொதுவா 14 நாள். கடையில நீங்களா வாங்கிப் போடாதீங்க, நம்ம நாட்டுல இந்தக் கிருமி பல ஆன்டிபயாடிக்குக்கு ஏற்கெனவே பழகிருச்சு. முடிச்சு நாலு வாரம் கழிச்சு இன்னொரு டெஸ்ட் எடுத்து, போயிருச்சான்னு பாருங்க. எடை குறையுது, மலம் கறுப்பாப் போகுது, சோறு இறங்கலை, ரத்தசோகைன்னா மலப் பரிசோதனைக்கெல்லாம் நிக்காம நேரா ஸ்கோப்புக்குப் போங்க.