ஏலக்காய்க்குக் கொடுக்கிற மரியாதையைப் பிள்ளைகளுக்கும் கொடுங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. என் வகுப்பில் கொட்டாவி விட்டவர்களும் இதை மட்டும் கடைசிவரை படித்துவிடுங்கள்.

போடிமெட்டில் என் தங்கை மகள் குடியிருப்பது ஒரு பழைய எஸ்டேட் பங்களா. ஹாலில் வெள்ளைக்காரன் காலத்துக் கணப்பு ஒன்று உண்டு. அதில் விறகு எரித்துப் பல வருஷம் ஆகிறது. மழைத் தண்ணீர் இறங்குகிறதென்று சிம்னியின் மேல்வாயை யாரோ தகரம் வைத்து மூடியும் விட்டார்கள். அந்தக் கணப்புக்குள் இப்போது ஒரு கரண்ட் ஹீட்டர் வாங்கி வைத்திருக்கிறாள். பார்க்க விறகுக் கட்டை அடுக்கியதுபோல இருக்கும். விளக்கு எரிந்து தணல்போலத் தெரியும். கம்பிச்சுருள் சூடாக, சின்ன விசிறி ஒன்று அந்தச் சூட்டை அறைக்குள் தள்ளும்.

அதைப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டேன். "மின்மினிப் பூச்சியை வைத்துக் குளிர்காய்ந்த குரங்குக் கதையாக இருக்கிறதே" என்றார் மச்சான். "நிஜக் கணப்பு இருக்கும்போது பொம்மை நெருப்பு எதுக்கு மாமா? ரெண்டு கிலோ கரியைப் போட்டால் முடிந்தது" என்றான் ஒரு மாப்பிள்ளை. வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள் விழுந்தன.

மச்சானின் கேலியை விட்டுவிடலாம். மாப்பிள்ளை சொன்ன யோசனை ஆளைக் கொல்லும். அதனால்தான் இந்தப் பதிவு.

போன மார்கழியில் இதே ஹாலில் நாங்கள் ஏழு பேர் படுத்திருந்தோம். 4000 அடிக்கு மேல் உள்ள ஊர், ராத்திரிக் குளிர் எலும்பைத் தொட்டது. இரும்புச் சட்டியில் கரியைப் போட்டுக் கணப்புக்குள் வைத்தோம், ஜன்னலை இறுக்கிச் சாத்தினோம். கணப்புக்குள் இருந்தால் புகை தானாக மேலே போய்விடும் என்று நினைப்பு. தகரம் மூடியிருந்ததை ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை. நடுராத்திரியில் ஆறு வயதுப் பேத்தி வாந்தி எடுத்தாள். பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த கிறுகிறுப்பு என்றோம். எனக்கும் தலை கனத்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். வெளியே போக எழுந்த அப்பத்தா கதவைத் திறந்தார், காற்று வந்தது, பிழைத்தோம். முப்பத்தைந்து வருஷம் அறிவியல் நடத்திய நான்தான் அந்தச் சட்டிக்கு மிக அருகில் உட்கார்ந்து கை காட்டிக்கொண்டிருந்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஒன்பதாம் வகுப்புப் பாடம்தான். கரி முழுதாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு வரும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது, கண்ணும் எரியாது. நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாகப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, அப்புறம் குமட்டல், அப்புறம் தூக்கம். அந்தத் தூக்கத்திலிருந்து எழுவது நம் கையில் இல்லை. "கரி நன்றாகக் கனிந்துவிட்டது, புகையே இல்லை" என்று நிம்மதியாகப் படுக்கிறோமே, அந்தக் கனிந்த கரியிலிருந்துதான் இது வருகிறது. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்த இரண்டு இளைஞர்கள் இப்படித்தான் போனார்கள். இறைச்சி சுட்ட கரி அடுப்பு அறைக்குள் இருந்தது.

நம் ஏலக்காய் ஸ்டோரைப் பாருங்கள். விறகு எரிகிற உலையின் வாய் அறைக்கு வெளியே இருக்கும். புகை குழாய்க்குள்ளேயே ஓடிப் புகைபோக்கி வழியாக வெளியேறிவிடும். காய் இருக்கிற அறைக்குள் சூடு மட்டும்தான் வரும். ஏன் இத்தனை ஏற்பாடு? புகை பட்டால் காயின் பச்சை போகும், மணம் போகும், போடி ஏலத்தில் விலை போகாது. நம் பாட்டன் காலத்திலிருந்தே இது நமக்குத் தெரியும். காய்க்குப் புகை ஆகாது என்று தெரிந்த நாம், பெற்ற பிள்ளையைக் கரிச்சட்டி பக்கத்தில் படுக்க வைக்கிறோம். எந்த ஊர் நியாயம் இது?

இப்போது மச்சானுக்கு. மின்மினியில் வெளிச்சம் உண்டு, சூடு இல்லை. இந்த ஹீட்டரில் தணல்தான் பொய், சூடு மெய். 2000 வாட் என்றால் 2000 வாட்தான். கரண்ட் பில்லா? நாலு மணி நேரம் ஓடினால் எட்டு யூனிட். யூனிட் பத்து ரூபாய் என்றே வைத்தாலும் எண்பது ரூபாய். கரண்ட் போனால் என்ன செய்வது என்பீர்கள். கம்பளி இருக்கிறது, குல்லா இருக்கிறது, சுக்குக் காபி இருக்கிறது. குளிரில் நடுங்கினவன் காலையில் திட்டிக்கொண்டாவது எழுந்திருப்பான்.

விறகுத் தீக்கு நான் எதிரி இல்லை. சிம்னியைச் சுத்தம் செய்து, மேலே திறந்து, புகை வெளியே போகிறதா என்று பார்த்து எரித்தால் அந்தச் சுகமே தனி. அதைச் செய்ய முடியாதவர்கள் கணப்பில் தீயே வைக்காதீர்கள் என்கிறேன்.

ஹீட்டரையும் கண்ணை மூடிக்கொண்டு வைக்கக் கூடாது. 2000 வாட்டுக்கு ஏறத்தாழ 9 ஆம்பியர் ஓடும். 6 ஆம்பியர் சின்ன பிளக்கிலோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ மாட்டினால் வயர் உருகும். எர்த் உள்ள 16 ஆம்பியர் பவர் பிளக் வேண்டும். மேல்வாய் திறந்திருந்தால் சூடு சிம்னி வழியே ஓடிவிடும், அதை அடைத்துவிட்டு, இனி இங்கே தீ வைக்கக் கூடாது என்று எழுதியும் ஒட்டுங்கள். பழைய கரித்தூளைத் துடைத்துவிட்டு வையுங்கள். ஈரத்துணியை மேலே காயப்போடாதீர்கள். எலி வயரைக் கடித்திருக்கிறதா என்று பாருங்கள். தூங்கப் போகும்முன் அணைத்துவிடுங்கள்.

பூப்பாறை, சூரியநெல்லிப் பக்கம் தங்கும் விடுதி நடத்தும் என் மாணவர்களே, உங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கேட்கிற விருந்தாளிக்கெல்லாம் கரிச்சட்டியை அறைக்குள் அனுப்பாதீர்கள். வாசலில் நெருப்புப் போட்டுக் கொடுங்கள், கூடவே ஆள் நிற்கட்டும், தண்ணீர் ஊற்றி அணைத்த பிறகே சாம்பலைக் கொட்டுங்கள். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் தீ என்ன செய்தது என்பதை நம் மலைக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

மாப்பிள்ளை, உன்மேல் கோபம் இல்லை. அடுத்த மார்கழிக்கு நீயும் பிள்ளைகளோடு போடிமெட்டுக்கு வா. அந்தப் பொம்மை நெருப்பின் முன்னால் உட்கார்ந்து எவ்வளவு வேண்டுமானாலும் என்னைக் கேலி செய். காலையில் எல்லாரும் எழுந்து காபி குடிப்போம். எனக்கு அது போதும்.

அன்புடன்,
உங்கள் பழைய அறிவியல் வாத்தியார்