பட்டு நூலைவிட மெல்லிய நூல்

ஆரணிக்குப் பக்கத்தில் உள்ள ஊர் சேவூர். தறிச் சத்தம் கேட்கும் ஊர். பட்டுச் சேலை நெய்து பிழைக்கும் குடும்பங்கள் அங்கே ஏராளம்.

தறியில் ஏறும் பட்டு நூல் எங்கிருந்து வருகிறது? பட்டுப்புழு கட்டும் கூட்டிலிருந்து வருகிறது. அந்தப் புழுவுக்கு உணவு மல்பெரி இலை. இலை செழித்தால் புழு செழிக்கும். புழு செழித்தால் கூடு கனக்கும். கூடு கனத்தால் நூல் கூடும்.

இலையைச் செழிக்க வைப்பது வேர். அந்த வேருக்கு ஒரு கூட்டாளி உண்டு. அது ஒரு பூசணம்!

பூசணம் என்றதும் பலர் முகம் சுளிப்பார்கள். ஊறுகாய்ச் சாடியில் பூக்கும் பூசணம் கெடுதல்தான். ஆனால் எல்லாப் பூசணமும் பகை அல்ல. வேரில் குடியிருந்து செடிக்கு உதவும் பூசணமும் இருக்கிறது. அதற்கு வேர்ப் பூசணம் என்று பெயர். அதன் இழை பட்டு இழையைவிட மெல்லியது. கண்ணுக்குத் தெரியாது.

மண்ணுக்குள் ஒரு வியாபாரம்

செடிக்கு மணிச்சத்து வேண்டும். அது மண்ணில் இருக்கிறது. ஆனால் சுண்ணாம்போடும் இரும்போடும் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. தண்ணீரோடு ஓடி வந்து வேரைத் தேடாது. வேர் தன் பக்கத்தில் இருப்பதை உறிஞ்சி முடித்ததும் அந்த இடம் காலியாகிவிடும்.

இங்கேதான் பூசணம் உதவுகிறது. வேர் எட்டாத இடத்துக்கு அதன் இழைகள் போகின்றன. மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் கொண்டுவந்து கொடுக்கின்றன.

சும்மா கொடுப்பதில்லை. கூலி உண்டு! இலை வெயிலில் தயாரிக்கும் சர்க்கரைதான் கூலி. நூற்றுக்கு 4 பங்கு முதல் 20 பங்கு வரை பூசணத்துக்குப் போகிறது. இது செடிக்கு நஷ்டமா? பெரும்பாலும் இல்லை. சர்க்கரைக்குச் செலவு இருப்பதால் இலையும் அதிகம் உழைக்கிறது. வந்து சேரும் மணிச்சத்து அந்த உழைப்புக்குப் பலம் தருகிறது.

இந்த உறவு புதிதல்ல. 40 கோடி ஆண்டுகளுக்கு முன் கல்லாகிப்போன செடிகளிலும் இதன் அடையாளம் இருக்கிறது. 1885-ல் ஜெர்மன் அறிஞர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் இதற்குப் பெயர் வைத்தார். பூசணம் மரத்துக்கு உதவுகிறது என்று அவர் சொன்னபோது பலர் நம்பவில்லை.

பின்னாளில் போர்ட்டோ ரிக்கோ தீவில் ஒரு பாடம் கிடைத்தது. அங்கே பைன் மரம் வளர்க்கப் பல முறை முயன்றார்கள். கன்றுகள் வெளிறிப்போய் மடிந்தன. 1950-களில், அமெரிக்காவில் பைன் வளர்ந்த காட்டு மண்ணைக் கொண்டுவந்து கலந்தார்கள். கன்றுகள் தழைத்தன. மண்ணோடு வந்த பூசணமே காரணம். அது வேறு வகைப் பூசணம். ஆனால் பாடம் ஒன்றுதான்.

நாற்றிலேயே வேண்டும்

மல்பெரியிலும் இதைச் சோதித்திருக்கிறார்கள். மைசூரில் மத்திய பட்டு ஆராய்ச்சி, பயிற்சி நிலையம் இருக்கிறது. அங்கே நடந்த சோதனைகளில், பூசணம் சேர்த்த செடிக்கு மணிச்சத்து உரத்தைப் பாதியாகக் குறைத்தும் இலை மகசூல் குறையவில்லை.

இது சின்ன லாபமா? உரம் செய்யத் தேவையான பாஸ்பேட் பாறையில் பெரும் பகுதி வெளிநாட்டிலிருந்து வருகிறது. அங்கே விலை ஏறினால் இங்கே தோட்டக்காரர் மடியில் கை விழுகிறது.

மருந்து கையில் இருக்கிறது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதை 'வேம்' என்ற பெயரில் தயாரிக்கிறது. உயிருள்ள வேர் இல்லாமல் இந்தப் பூசணம் பெருகாது. ஆகவே மக்காச்சோள வேரில் வளர்த்து எடுக்கிறார்கள்.

ஆனால் காலம் அறிந்து இட வேண்டும். மல்பெரி ஆண்டுதோறும் நடும் பயிர் அல்ல. ஒரு முறை நட்டால் 15 ஆண்டு வரை நிற்கும். இளம் வேரில்தான் பூசணம் எளிதாகப் பிடிக்கும். நாற்றங்காலில் விட்டால், மறு வாய்ப்பு பல ஆண்டு கழித்துத்தான்!

ஆகவே பட்டு வளர்ச்சித் துறையும் நாற்றுப் பண்ணைக்காரர்களும் ஒன்று செய்ய வேண்டும். பூசணம் பிடித்த நாற்றையே விவசாயிக்குக் கொடுக்க வேண்டும். புத்தகத்தில் எழுதி வைத்தால் போதாது. நாற்றோடு வீடு தேடி வர வேண்டும்.

விவசாயிக்கும் கடமை உண்டு. மண்ணைப் பரிசோதிக்க வேண்டும். மணிச்சத்து மிதமிஞ்சிய மண்ணில் செடி பூசணத்தைச் சேர்த்துக்கொள்ளாது. பூசணக்கொல்லி மருந்தைக் கண்டபடி ஊற்றினால் நல்லதும் சேர்ந்து சாகும். தொழு உரத்தையும் விட்டுவிடக் கூடாது. வேர்ப் பூசணம் துணைதான், மந்திரம் அல்ல.

ஓர் இழை அறுந்தால் உடனே முடிச்சுப் போடுவார் சேவூர் நெசவாளி. விட்டால் சேலையே கெடும் என்று அவருக்குத் தெரியும். மண்ணுக்குள் இருக்கும் இழைக்கும் அந்தக் கவனம் வேண்டும். பட்டு அங்கேதான் தொடங்குகிறது!